இருபதிலேயே நின்ற இரும்பு

“சார், இரும்பு கூடவில்லை, சரி. ஆனால் எண்ணெய் இரண்டு பங்கு குடிக்கிறதே?”

கப்பலின் இரண்டாம் எண் ஜெனரேட்டரில் எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டே தேர்ட் எஞ்சினியர் கேட்டான். தூத்துக்குடிப் பையன், அது அவனுக்கு மூன்றாவது கப்பல். எஞ்சின் எண்ணெயில் எவ்வளவு உலோகம் தேய்ந்து கலந்திருக்கிறது என்று சொல்லும் ஆய்வக அறிக்கையை அவன் முன் நீட்டி, “இதில் இல்லாதது உன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது, தம்பி?” என்றேன். குரலை உயர்த்தவில்லை. அதட்டியிருந்தால் ஒருவேளை அவன் திருப்பிப் பேசியிருப்பான்.

அறிக்கையில் பிழை இல்லை. அடுத்தடுத்து மூன்று சாம்பிள்களில் இரும்பு 19, 21, 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. குரோமியம் அசையவில்லை. பாகுநிலை குறையவில்லை, எனவே டீசலும் கலக்கவில்லை. எண்ணெய் மட்டும் நாளொன்றுக்கு 10 லிட்டரிலிருந்து 22 லிட்டருக்குப் போயிருந்தது. அதற்கும் என்னிடம் விளக்கங்கள் இருந்தன. பருவமழைக் கடலில் கப்பல் உருளும்போது எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் எண்ணெய் மட்டம் ஆடும். ஒருவர் எஞ்சின் ஓடும்போது அளப்பார், இன்னொருவர் நின்றபின் அளப்பார். எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் வழியாகச் சகதித் தொட்டிக்கும் எண்ணெய் போயிருக்கலாம். எல்லாமே நடக்கக்கூடியவைதான். அவற்றில் ஒன்றையாவது நேரில் போய்ச் சோதித்தேனா என்றால், இல்லை.

மூன்றாம் எண் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு உதிரிபாகத்துக்காகக் காத்திருந்தோம். சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும்போது இரண்டு ஜெனரேட்டர்கள் சேர்ந்து ஓடியாக வேண்டும். இரண்டாம் எண்ணை நிறுத்தினால் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. நெரிசலான அந்தக் கடலில் கப்பல் இருளில் மூழ்கினால் என்ன ஆகும் என்பதை நினைக்காமல் என்னைப் போன்ற ஒரு செகண்ட் எஞ்சினியர் முடிவெடுக்க முடியாது. அந்த நியாயத்தை இன்றும் விடமாட்டேன். ஆனால் அதை அவனிடம் நான் சொல்லவில்லை. அறிக்கையைத்தான் நீட்டினேன்.

கணக்கு அன்றிரவே போட்டிருக்க வேண்டியது. ஒன்பதாம் நாள்தான் போட்டேன். 10 லிட்டர் என்பது ஏறக்குறைய 9 கிலோ. போகிற எண்ணெய் தன்னோடு 20 பிபிஎம் இரும்பைக் கொண்டுபோகிறது. நாளொன்றுக்கு 0.18 கிராம். 22 லிட்டர் போகும்போதும் அதே 20 பிபிஎம் நிற்கிறது என்றால், ஏறத்தாழ 0.4 கிராம் இரும்பு நாள்தோறும் எங்கிருந்தோ புதிதாக வந்துகொண்டிருக்கிறது. ரசத்தில் உப்பையும் கூட்டி, தண்ணீரையும் ஊற்றிக்கொண்டே போனால் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. இரும்பு கூடவில்லை என்று நான் படித்த அதே வரிதான், தேய்மானம் இரட்டிப்பானதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் அந்த எண்ணைத் தேடிப் போகவில்லை. கேனைத் தூக்கி ஊற்றிய கை அவனுடையது.

ஆய்வுக்கூடங்களில் பிஸ்டன் ரிங்கின் மேற்பரப்பைக் கதிரியக்கமாக்கிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே எண்ணெயில் வரும் காமாக் கதிரை எண்ணி, மைக்ரான் கணக்கில் தேய்மானம் சொல்கிறார்கள். புகையில் கந்தகத்தை அளந்து எண்ணெய்ச் செலவைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. கப்பலில் அது நடக்காது. 2020 முதல் அமலில் உள்ள 0.50 சதவீத வரம்புக்குள் இருக்கும் எரிபொருளின் கந்தகமே எண்ணெயிலிருந்து வருவதை மூழ்கடித்துவிடும். எங்களுக்குக் கிடைத்தவை டிப் ஸ்டிக், சாம்பிள் பாட்டில், லாக் புக். அவை போதாது என்று எழுத வந்தேன். ஆனால் அன்று அவை போதுமானவையாக இருந்தன. இரண்டு எண்களைப் பெருக்கிப் பார்க்காமல் போனவன் நான்.

துறைமுகத்தில் திறந்தோம். இரண்டு சிலிண்டர்களில், எண்ணெயை வழித்து இறக்கும் ஆயில் ஸ்கிரேப்பர் ரிங்குகள் கரியில் இறுகிக் கிடந்தன. சிலிண்டரின் உட்சுவரான லைனரில், எண்ணெயைப் பிடித்துவைக்கும் குறுக்குக் கோடுகள் அழிந்து கண்ணாடிபோல் பளபளத்தது. பிஸ்டனின் டாப் ரிங் வரம்பைத் தாண்டித் தேய்ந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. நீரிணையையும் கடந்துவிட்டோம். “சரியான முடிவு” என்றார் சீஃப் எஞ்சினியர்.

அப்படித்தானா? லைனர் பளபளத்துவிட்டாலே போதும், எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும், தேய்மானம் பிறகு வந்திருக்கலாம். என் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஆவியாகிப் போகும் எண்ணெய் இரும்பை விட்டுவிட்டுப் போகும். சில மைக்ரான்களைத் தாண்டிய துகள்களை ஆய்வகக் கருவி சரியாகக் காட்டாது. அவன் கேட்ட நாளில் ரிங்குகள் எந்த நிலையில் இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்றே நிறுத்தியிருந்தாலும் அந்த லைனர்களை மாற்ற வேண்டியிருந்திருக்கலாம். இப்படிச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், அவன் டிப் ஸ்டிக்கைத் துணியில் இரண்டாம் முறை துடைத்தது நினைவுக்கு வருகிறது. அதில் துடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

அதன்பின் லாக் புக்கில் ஒரு பத்தி சேர்த்தேன்: ஊற்றிய லிட்டர், அதன் பக்கத்தில் கடைசி பிபிஎம், இரண்டின் பெருக்கல். ஒப்பந்தம் முடிந்து இறங்கும்வரை அவன் ஒருநாளும் தவறாமல் அதை நிரப்பினான். என்னிடம் வேறெதையும் கேட்கவில்லை.