கொட்டிலுக்குள் கோல்ஃப்: பெட்டி வந்த கதையும் வலை கட்டின கதையும்

வெளிநாட்டிலிருந்து யாராவது உங்களுக்கு கோல்ஃப் லோஞ்ச் மொனிற்றர் (அடிக்கிற பந்தின் வேகத்தையும் தூரத்தையும் கணக்கிடுகிற கருவி) அனுப்புவதாக இருந்தால், பெட்டியின் மேல் தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரை அதே எழுத்துக்கூட்டலோடு எழுதச் சொல்லுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சான் அன்போடு வீட்டுப்பெயரை எழுதி அனுப்பிவிட்டார். அந்தப் பெயரைச் சொன்னால் பரந்தனிலிருந்து முறிகண்டி வரை என்னைத் தெரியும். கொழும்பில் பொதி விடுவிக்கிற இடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தெரியவில்லை.

"இது யார்?"

"நான்தான் ஐயா."

"அட்டையில் வேறு பெயர்."

இரவு பஸ்ஸில் இடுப்பொடிய வந்தவனுக்கு அவ்வளவுதான் வரவேற்பு. இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். எங்கள் கிராம அலுவலர் கேட்ட உடனேயே எழுதித் தந்தார். அதோடு திரும்பப் போனால், பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லை என்று அதே ஆள் கடிதத்தைத் தள்ளிவிட்டார். முதலே சொல்லியிருக்கலாமே என்று என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் நடுவில் 300 கிலோமீற்றருக்கு மேல் இருப்பது அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால் தெரியாது.

பெயர் தீர, சாமான் தொடங்கியது. எனக்கு வந்தது கார்மின் அப்ரோச் ஆர்10. 2021இல் ஏறக்குறைய 600 டொலருக்கு வெளிவந்தது; வேறொருவர் பாவித்த ஒன்றை மச்சான் மலிவாக வாங்கினார். இது பந்தை டொப்ளர் ராடாரால் பார்க்கும், அலைபேசியோடு புளூடூத்தில் பேசும். வானலை உமிழும் சாதனம் உள்ளே வருவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இது போதாதென்று, பொதிப் பத்திரத்தில் மச்சான் 'ராடார்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். போகிற முகவரி கிளிநொச்சி. அதை வாசித்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டோர்ச் பற்றரிகூட வன்னிக்குள் வர முடியாதிருந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள், அதனால் அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை.

காப்பாற்றியது மூலையில் இருந்த ஓர் அம்மா. சாதனத்தின் கையேட்டைத் தேடி எடுத்து, அலைவரிசையும் வலுவும் குறித்திருக்கிற பக்கத்தை அச்செடுக்கச் சொன்னார். மாதிரி இலக்கம், வாங்கிய பற்றுச்சீட்டு, அட்டைப் பிரதி எல்லாவற்றையும் ஒன்றாகக் குத்திக் கொடுங்கள் என்றார். அப்படியே கொடுத்தேன், வேலை நகர்ந்தது. பெட்டி புறப்படுவதற்கு முன்பே இந்தக் கட்டைத் தயாராக வையுங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் பெறுமதியை அவர்களே தீர்மானிப்பார்கள், வரியும் அதற்கேற்ப ஏறும்.

ஏன் இந்தத் தலையிடி என்று வீட்டிலும் கேட்டார்கள். டுபாயில் கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல் பராமரிக்கிற வேலையில் இருந்தேன். வெயில் தாழ்ந்த பிறகு வேலைக்காரர்களையும் அடிக்க விடுவார்கள், அங்கே பிடித்த கிறுக்கு. இங்கே வந்தால் கிட்டடியில் ஒன்றும் இல்லை. திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படையின் மைதானம் இருக்கிறது. பழையவை என்றால் 1879இல் தொடங்கிய கொழும்புக் கழகமும் 1889இல் தொடங்கிய நுவரெலியாக் கழகமும். கிழமைக்கு ஒருக்கால் போய்வருகிற தூரமா அதெல்லாம்?

வீட்டுத்திட்ட வீட்டுக்குள் இது நடக்காது. தூர அடிக்கான டிரைவர் மட்டை 45 அங்குலம் வரும், கையும் தலைக்கு மேல் போகும், ஆகவே பத்தடி உயரம் வேண்டும். நீளத்துக்கு, ராடார் பந்துக்குப் பின்னால் 6 முதல் 8 அடி, பந்திலிருந்து வலைக்குக் குறைந்தது 8 அடி. வலைக்குப் பின்னால் விடுகிற இடத்தையும் சேர்த்தால் இருபதடிக் கொட்டில். பத்தடி என்று எழுதிக் கொடுத்தும் இரும்பு ஒட்டுவேலைக்கார அண்ணை குழாய்களை எட்டடிக்கு வெட்டிவிட்டார். "எல்லாரும் எட்டடிதானே தம்பி கேட்கிறவை." பிறகு துண்டு போட்டு ஒட்டினார், துண்டுக்கும் காசு வாங்கினார்.

வலைதான் இந்த முயற்சியில் எனக்குப் பிடித்த பகுதி. கடையில் விற்கிற கோல்ஃப் வலையின் விலையைப் பார்த்துவிட்டு முல்லைத்தீவில் மீன்வலை விற்கிறவரிடம் போனேன்.

"என்ன மீனுக்குத் தம்பி?"

"மீனுக்கில்லை அண்ணை, பந்துக்கு."

அவர் சிரித்து முடியும் வரை காத்திருந்தேன். கவனிக்க வேண்டியது கண் அளவு. மீன்வலையின் கண்ணை இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு முடிச்சு அளப்பார்கள். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையாது; சுற்றளவு கிட்டத்தட்ட 134. மூன்று அங்குலக் கண்ணின் சுற்று 152 மில்லிமீற்றர், அடி விழுந்ததும் நூல் வளைந்து பந்துக்கு வழிவிட்டுவிடும். இரண்டு அங்குலக் கண்ணின் சுற்று 102தான், பந்து போகாது. முறுக்கு நைலோன் நூல் வலையாகக் கேளுங்கள். தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலை தடை செய்யப்பட்டது, இந்த அடிக்குத் தாங்கவும் தாங்காது.

வலையை விறைப்பாகக் கட்டாதீர்கள். சாதாரண ஆள் அடித்தாலும் டிரைவரில் பந்து மணிக்கு 200 கிலோமீற்றரைத் தொடும், விறைத்த வலை அதை அப்படியே முகத்துக்குத் திருப்பி அனுப்பும். தாராளமாகத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பை உள்பக்கம் மடித்துவிட்டால் பந்து சோர்ந்து காலடியில் விழும். வலைக்குப் பின்னால் ஒரு பழைய தறப்பாளையும் தொங்கவிட்டிருக்கிறேன். 2009க்குப் பிறகு வன்னியில் தறப்பாள் மிஞ்சாத வீடு உண்டா? குழாய்களுக்குப் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றுங்கள், வெறும் இரும்பில் பட்ட பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

நின்று அடிக்கிற மெத்தைக்குச் செலவு செய்யவில்லை, ஆனால் யோசிக்க வேண்டியிருந்தது. சீமெந்தின் மேல் செயற்கைப் புல்லை மட்டும் விரித்து இரும்பு மட்டையால் அடித்தால் முழங்கை போய்விடும். பழைய தும்பு மெத்தையைப் பலகைச் சட்டத்துக்குள் வைத்து, அதன் மேல் புல். பந்தைத் தூக்கி வைக்கிற 'டீ'க்கு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப்பில் ஒரு துண்டு. பந்து மெத்தையால் உயர்ந்துவிட்டால் ராடாரையும் அதே உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும், கீழே இருந்தால் பந்து கிளம்புகிற கோணம் பிழையாக வரும்.

கணினியும் புரொஜெக்டரும் வாங்கவில்லை. திரையில் மைதானத்தைக் காட்டி விளையாடப் பலரும் பாவிக்கிற ஜிஎஸ்புரோ மென்பொருள் வருடத்துக்கு 250 டொலர், அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டையுள்ள விண்டோஸ் கணினியும் வேண்டும். கார்மின் செயலியில் பயிற்சித் திடல் இலவசம். தூரமும் வேகமும் அலைபேசியில் வருகின்றன, எனக்கு அது போதும். பகல் வெளிச்சம் நுழைகிற கொட்டிலில் படம் காட்டியும் பயனில்லை.

கடைசித் தொல்லை மின்விசிறி. ஒருவரும் அடிக்காமலே திரையில் அடி பதிவாகியது. சாதனம் பழுதென்று நினைத்து மச்சானைத் திட்டவும் தொடங்கிவிட்டேன். பார்த்தால் ராடாரின் பார்வைக்குள் நின்ற விசிறியின் இறக்கை சுழல்கிறது. அதை ராடாருக்குப் பின்னால் தள்ளி வைத்ததும் நின்றுவிட்டது. தகரத்துக்குக் கீழே, வைகாசி வெயிலில், விசிறி இல்லாமல் நாலு அடி அடிக்கவும் முடியாது.

இன்னும் முடியாதது புட்டிங், அதாவது பந்தை நிலத்தில் உருட்டிக் குழிக்குள் போடுவது. உருளுகிற பந்தைப் படிக்க இந்த வகை ராடார் தோதில்லை. முற்றத்தில் புற்றுமண் போட்டு மெழுகித் தரலாம், குழியை மட்டும் நீயே வெட்டு என்று அம்மா சொல்லியிருக்கிறார். மாரி முடிந்ததும் அந்த வேலை.