உதறல் நின்றது, நோயாளி விழிக்கவில்லை: ஒரு வைவா கேள்வி

தீவிர சிகிச்சைத் தேர்வின் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு வந்த கேள்வி இது: "ஃபிட்ஸ் நின்று ஒரு மணி நேரமாகிறது. நோயாளி விழிக்கவில்லை. என்ன செய்வீர்கள்?" சிடி எடுப்பேன் என்றேன். "சரி, சிடி நார்மல். அப்புறம்?" வலிப்பை நிறுத்தப் போட்ட லோராசெபாம் மருந்தின் தூக்கமாக இருக்கும், காத்திருப்பேன் என்றேன். அங்கேதான் மதிப்பெண் போனது. அடுத்த முறைக்காகப் படித்தபோதுதான் அந்தப் பதில் எவ்வளவு ஆபத்தானது என்று புரிந்தது.

கை கால் உதறல் அடங்கினாலும் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். 1998இல் வெளியான டிலொரென்சோ குழுவின் ஆய்வில், தொடர் வலிப்பு கட்டுக்குள் வந்துவிட்டதாகக் கருதப்பட்டவர்களில் 48 சதவீதம் பேருக்கு இஇஜியில் (மூளையின் மின் அலைப் பதிவில்) வலிப்பு தெரிந்தது. இமையோரத் துடிப்பு, ஒரு பக்கமாக இழுத்து நிற்கும் கண்கள், உதட்டின் மெல்லிய அசைவு ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். பலருக்கு இவை எதுவுமே இருக்காது. இருபது நிமிட இஇஜி நார்மலாக வந்தாலும் நம்பிவிட முடியாது. 24 மணி நேரமும், கோமாவில் இருப்பவருக்கு 48 மணி நேரமும் தொடர்ந்து பதிவு செய்யச் சொல்கிறார்கள். அந்த வசதி இல்லாத மருத்துவமனையில் திரும்பத் திரும்ப எடுப்பேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

எண்களில் ஒன்றை மறக்கவே கூடாது: இஇஜியில் தொடர்ந்து 10 நிமிடம், அல்லது ஒரு மணி நேரத்தில் மொத்தம் 20 சதவீதம் வலிப்பு இருந்தால் அது ஸ்டேட்டஸ், அதாவது தொடர் வலிப்பு.

நான் அதிக நேரம் செலவிட்டது லோராசெபாம் சோதனையில். மருந்து போட்டதும் இஇஜி அலைகள் அடங்கினால் வலிப்புதான் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் கல்லீரல், சிறுநீரகக் கோளாறால் வரும் ட்ரைஃபேசிக் (மூன்று கட்ட) அலைகளும் அதே மருந்தில் அடங்கும். அலையும் அடங்கி நோயாளியும் தெளிந்தால்தான் உறுதி. தெளியவில்லை என்றால் வலிப்பு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

சிகிச்சையைச் சொல்லும்போது சர்க்கரை, சோடியம், மருந்துச் சீட்டு மூன்றையும் முதலில் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு, வலிப்பைத் தூண்டக்கூடிய செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக் ஓடுகிறதா? அதை நிறுத்துவதுதான் முக்கிய சிகிச்சை. லோராசெபாமுக்கு அடுத்து வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டம், கிலோவுக்கு 60 மில்லிகிராம், உச்சம் 4,500. வால்ப்ரோயேட் என்றால் 40, உச்சம் 3,000.

"இதற்கும் அடங்கவில்லை என்றால் உடனே மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு ப்ரோபோஃபால் மயக்க மருந்து ஓட்டுவீர்களா?" என்று அடுத்துக் கேட்பார்கள். உதறலோடு வரும் ஸ்டேட்டஸில் காட்டும் அவசரம் இங்கே வேண்டாம். மூச்சு சீராக உள்ள முதியவருக்கு லாகோசமைட் போல இன்னொரு மருந்தை முதலில் முயன்று பார்ப்பேன் என்று காரணத்தோடு சொல்லலாம். இரண்டாம் முறை நான் அப்படித்தான் சொன்னேன்.