மூன்று கரண்டி உப்புமா

உப்புமா எனக்கு ஆகாது என்பது எங்கள் உறவினர் அனைவரும் அறிந்த செய்தி. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என் அம்மா அதை ஒரு தகுதிக் குறைவாக முன்கூட்டியே தெரிவித்திருந்தார். அப்படிப்பட்ட நான் சென்ற மாதம் ஓர் இரவு மூன்று கரண்டி ரவை உப்புமாவைத் தின்றிருக்கிறேன்.

தட்டின் முன் அமர்ந்தபோது இடது கையில் கைப்பேசி இருந்தது. விருதுநகர்க் கடை ஒன்றில் பரோட்டாவை எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்தெடுத்து, பிய்த்துப் போட்டு, அதன் மேல் சால்னாவை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் மதுரைக் கறிதோசை, பிறகு ஆம்பூர் பிரியாணியின் தம் உடைக்கும் காட்சி என்று ரீல்ஸ் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்க, வலது கை தன்பாட்டுக்குத் தட்டுக்கும் வாய்க்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று அம்மா கேட்டபோதெல்லாம் "ம்" என்றிருக்கிறேன். கை கழுவிவிட்டு வந்து, "இன்னைக்கு என்னம்மா டிபன்?" என்று நான் கேட்டதும், என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

இத்தனை உண்டவனுக்கு இரவு பதினொன்றுக்குப் பசித்தது என்பதுதான் விந்தை. படுக்கையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது மொக்பாங். உண்ணுதல், ஒளிபரப்பு என்னும் பொருளுடைய இரு கொரியச் சொற்களை ஒட்டி அமைத்த பெயர். சியோலிலோ எங்கோ ஓர் இளைஞர் அண்டா நிறைய நூடுல்ஸை உறிஞ்ச, என் வயிறு இங்கே உறுமியது. (ஊரார் சாப்பிடுவதை உற்றுப் பார்க்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.) குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, இருந்த அரைமூடித் தேங்காயை வெல்லத்தோடு கடித்துக்கொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது.

குற்றவாளி நான் அல்லன் என்று மனைவியிடம் விளக்கினேன். மியூனிக்கில் உள்ள மேக்ஸ் பிளாங்க் உளமருத்துவ ஆய்வு நிறுவனத்தார் உடல்நலமுள்ள ஆண்களுக்கு உணவுப் படங்களைக் காட்டிச் சோதித்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் அவர்களின் இரத்தத்தில் உயர்ந்ததாக 2012-இல் வெளியிட்டார்கள். வெறும் படத்துக்கே அப்படியென்றால் சால்னா ஊற்றும் ஓசையோடு வரும் காணொளிக்கு என் இரத்தம் என்ன பாடுபடும் என்று கேட்டேன். பொறுமையாகக் கேட்ட அவள், "சட்னிக்கு வைத்திருந்த தேங்காய் அது. காலையில் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவரும்படி அந்தக் கிரெலினிடமே சொல்லிவிடுங்கள்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

ஆய்வு எதையும் படிக்காத என் அம்மாவோ இதில் தமக்குரிய பயனைக் கண்டுகொண்டார். "சாப்பிடும்போது அந்தச் சனியனைக் கீழே வை" என்று நாள்தோறும் திட்டிவந்தவர், இப்போதெல்லாம் சில நாட்களில் தாமே கைப்பேசியைக் கொண்டுவந்து, "சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன், பார்த்துக்கிட்டே சாப்பிடுப்பா" என்று கனிவோடு நீட்டுகிறார். அன்றைக்குப் பாகற்காய்.