18, அப்புறம் பூஜ்யம்

சிவப்பு சிக்னலைத் தாண்டி நின்ற வண்டியின் லோகோ பைலட்டை ஊதச் சொல்வது நடைமுறை. அவர் குடித்திருப்பார் என்ற சந்தேகம் அதற்குத் தேவையில்லை. டியூட்டி ஏறும்போது லாபியில், அதாவது ஓட்டுநர்கள் கையெழுத்துப் போடும் அறையில் ஊதி, பூஜ்யம் வந்த பிறகுதான் வண்டியையே அவரிடம் கொடுத்திருப்போம். ஆனாலும் ‘ஸ்பாட்’ (SPAD, சிவப்பு சிக்னலைத் தாண்டுவது) ஆகிவிட்டால் மறுபடி ஊதியாக வேண்டும். ஆயிரம் பேரை இழுத்துப் போகிற வேலையில் இது நியாயம்தான் என்று லோகோ இன்ஸ்பெக்டராக நான் பலரிடம் வாதாடியிருக்கிறேன்.

அன்று கருவி 18 காட்டியது.

அன்று ஊதியவர் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். நான் உதவி லோகோ பைலட்டாக முதலில் ஏறியது அவருடைய எஞ்சினில்தான். எண்ணைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. “தொண்டைக் கரகரப்புக்கு இப்பத்தான் ஹோமியோபதி சொட்டு விட்டுக்கிட்டேன் தம்பி” என்று சட்டைப்பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்துக் காட்டினார். ஸ்டேஷன் மாஸ்டரும் கார்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் கொப்பளிக்கச் சொல்லி, 20 நிமிடம் காத்திருந்து, புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தேன். பூஜ்யம்.

இரண்டு எண்களையும் நேரத்தோடு எழுதினேன்.

“ரெண்டாவதை மட்டும் எழுதினாப் போதாதா?” என்றார்.

“ரெண்டும் இருந்தாத்தான் நீங்க குடிக்கலைன்னு நிரூபிக்க முடியும்ணே.”

“ரெண்டையும் சேர்த்துப் படிக்கப் போறது யாரு தம்பி?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் என்னிடம் பதில் இல்லை.

என் பக்கம் கணக்கு இருக்கிறது. கருவி காட்டும் எண், 100 மில்லி இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் ஆல்கஹால் என்பது. இரத்தத்தில் ஏறிய ஆல்கஹால் அந்தக் கணக்கில் மணிக்கு 15 முதல் 20தான் குறையும். 20 நிமிடத்தில் 18 பூஜ்யமாக உடம்பால் முடியாது. சொட்டு மருந்தில் இருக்கும் ஆல்கஹால் வாயில் விட்டுவைத்த ஆவி மட்டுமே அப்படிக் கால் மணி நேரத்தில் மறையும். ஆகவே அந்த 18-தான் அவருக்குச் சாட்சி. அதை விட்டுவிட்டு வெறும் பூஜ்யத்தை எழுதியிருந்தால், பார்த்த இரண்டு பேரில் ஒருவர் வாய் திறந்தாலும் ‘குருவைச் சிஷ்யன் காப்பாற்றிவிட்டான்’ என்றாகி, அவர் சொன்ன உண்மையும் பொய்யாகியிருக்கும். மருத்துவமனையில் எடுத்த இரத்தத்திலும் ஒன்றுமில்லை.

ஆனால் லாபியில் பரவியது 18 மட்டும்தான். சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால்தான் வழக்கு. எங்கள் ஆட்களுக்கு ஒற்றை இலக்கம் வந்தாலே பேச்சுக் கிளம்பிவிடும். விசாரணையிலும் முதல் கேள்வி அதைப் பற்றியே. சிக்னல் வளைவுக்கு அப்பால் இருக்கிறது, எத்தனை மீட்டரில் கண்ணில் படுகிறது என்று பிறகுதான் வந்தார்கள். அது அவருக்குத் தொடர்ந்து மூன்றாவது இரவு. இரண்டு இரவுக்கு மேல் தொடர்ச்சியாகப் போடாதீர்கள் என்று லோகோ பைலட் சங்கங்கள் வருடக்கணக்காகக் கேட்டுவருகின்றன. தூக்கமின்மைக்கு ஊதும் கருவி கிடையாது, எண் கிடையாது, அதனால் படிவத்தில் அதற்குக் கட்டமும் கிடையாது. கட்டம் இருந்த இடத்தில் நான் 18 என்று நிரப்பிக் கொடுத்தேன். எண் கையில் இருக்கும்போது வேறு காரணத்தைத் தேட யாருக்குப் பொறுமை இருக்கும்?

2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் கோட்டத்தில், ஹோமியோபதி மருந்து, இளநீர், சில பழங்கள் எல்லாம் டியூட்டியில் கூடாது என்று ஓர் உத்தரவு வந்து, எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கருவி தடுமாறினால் மனிதனின் வாயைக் கட்டுவதா என்று கோபம் வந்தது. அப்புறம், சொட்டு மருந்தை அன்று யாராவது அவருக்குத் தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்றும் தோன்றியது.

இப்போதெல்லாம் குழாயை நீட்டுவதற்கு முன்பே, கடைசியாக வாயில் என்ன போட்டீர்கள் என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைக்கிறேன். ‘நேரம் கொடுத்து விடுவிக்கிறார்’ என்று அதற்கும் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். உண்மையாகக் குடித்தவனின் இரத்தம் கால் மணியில் சுத்தமாகிவிடாது.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பேசிக்கொள்கிறோம், ஆனால் தம்பி என்று அழைப்பதில்லை, சார் என்கிறார். மறுபடி அதே நிலை வந்தால் இரண்டு எண்களையும்தான் எழுதுவேன் என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். “எழுதுங்க சார், அதுதான் ரூல்” என்றார். கோபமாகச் சொன்னாரா, மனமாரச் சொன்னாரா, எனக்குப் பிடிபடவில்லை.