செம்புச் சொம்பில் சுத்தியல் தழும்பைப் படிப்பது எப்படி

சிங்கப்பூரில் தேக்கா வட்டாரப் பாத்திரக் கடைகளில் செம்புக்கு இப்போது நல்ல மவுசு. தண்ணீர்ப் புட்டி, சொம்பு, குடம் எல்லாவற்றின் மேலும் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருக்கும். குழி இருந்தாலே கையால் அடித்தது என்று நம்பி, இருபது முப்பது வெள்ளி கூடக் கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்தக் குழி எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதி ஏமாற்றம் தவிரும்.

கையால் அடிக்கும் வேலை வட்டத் தகட்டில் தொடங்கும். எவ்வளவு பெரிய தகடு வேண்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு: பாத்திரத்தின் சராசரி விட்டத்தோடு உயரத்தைக் கூட்டினால் தகட்டின் விட்டம். 12 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள சொம்புக்கு 22 செ.மீ. வட்டம். 20 கேஜ் தகடு, அதாவது சுமார் 0.9 மி.மீ. கனம் எடுத்தால் அதன் எடை 310 கிராம் வரும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடையில் உதவும்.

முதலில் மரக்கட்டையில் தோண்டிய குழியின் மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் கிண்ணமாக இறக்குவார்கள். பிறகு இரும்பு முளையின் மேல் கவிழ்த்து, அடியிலிருந்து விளிம்பு நோக்கிச் சுற்றுச் சுற்றாக அடித்து உயரத்தைக் கூட்டுவார்கள். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். சுத்தியலின் சத்தம் மந்தமாக இருந்தது 'கணீர்' என்று மாறினால் அடியை நிறுத்தவேண்டும் என்று பொருள். அப்போது தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். எஃகைச் சுட்டுத் தண்ணீரில் தோய்த்தால் இறுகும். செம்பு மறுபடி இளகும். பட்டறை எப்போதும் அரை இருட்டாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: வெயிலில் அந்த மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது சூடு அளவு மீறியிருக்கும்.

ஒரு சொம்புக்கு இப்படிப் பல முறை காய்ச்சவேண்டும். அவசரப்பட்டு ஒரு சுற்றை விட்டால் விளிம்பில் மயிரிழைபோல் வெடிப்பு விழும். விழுந்த வெடிப்பு அடிக்க அடிக்க நீளுமே தவிர மூடாது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுச் சொம்பைக் குட்டையாக்குவதுதான் வழி. இன்னொரு கோளாறு, வாய் குறுகும் இடத்தில் தகடு புடவை மடிப்புபோலச் சுருங்குவது. சுருக்கம் அலையாக இருக்கும்போதே அடித்துச் சமன் செய்துவிடவேண்டும். ஒன்றன்மேல் ஒன்று மடிந்துவிட்டால் அந்த இடம் பின்னால் கட்டாயம் பிளக்கும்.

தழும்பு கடைசியில்தான் வருகிறது. வடிவம் முடிந்ததும் கடைசி முறையாகக் காய்ச்சி, புளியில் கருமை போகத் தேய்த்து, கண்ணாடிபோல் மெருகேற்றிய முகம் கொண்ட சுத்தியலால் சொம்பின் அடிப்பாகத்து நடுவிலிருந்து சுருளாக அடித்துக்கொண்டே போவார்கள். ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின்மேல் கொஞ்சம் ஏறி விழும். உள்ளே முளை தாங்கி நிற்பதால் தகடு இரண்டுக்கும் நடுவே நசுங்கி இறுகுகிறது. சொம்புக்கு வலு வருவது இந்தச் சுற்றில்தான். இதற்குப் பிறகு காய்ச்சக்கூடாது. சுத்தியல் சாய்ந்து விழுந்தால் அதன் விளிம்பு பிறை வடிவில் வெட்டும். அது எந்த மெருகிலும் மறையாது. ஒரு சொம்பில் ஒன்றிரண்டு பிறை இருந்தால் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள், கைவேலை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனிக் கடைக்கு வருவோம். லேத்தில், அதாவது சுழலும் இயந்திரத்தில் வைத்து இழுத்த சொம்பின் மேல் பிறகு குழி போட்டிருந்தால், வெளியே குழி உள்ள இடத்தில் உள்ளே மேடு தட்டுப்படும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். முளைமேல் அடித்ததில் உட்புறம் ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். குழிகளுக்கு நடுவே லேத்தின் வட்டக் கோடுகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பிறகு எடை. மேலே சொன்ன அளவுச் சொம்பு 300 கிராமை ஒட்டி இருக்கவேண்டும். 0.4 மி.மீ. தகடு என்றால் 135 கிராம்தான் வரும். கட்டைவிரலால் அழுத்தினாலே உள்வாங்கும். வாய் குறுகிய புட்டிக்குள் விரல் நுழையாது, அதற்கு வட்டக் கோடுகளும் எடையும்தான் உதவும்.

நகாசு வேலை தனி உலகம். உளியால் செதுக்கிச் செம்பை எடுத்துவிடுவது ஒரு வகை. எதையும் எடுக்காமல் முனை மழுங்கிய உளியால் தட்டிப் புடைக்க வைப்பது இன்னொரு வகை. புடைப்புக்குத் தகட்டை அரக்கில் பதிக்கவேண்டும். குங்கிலியம், செங்கல் தூள், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய கலவை அது. எண்ணெய் கூடினால் தகடு அமுங்கி உருவம் பரந்துபோகும். குறைந்தால் அரக்கு கண்ணாடிபோல் உடைந்து தகட்டை விட்டுவிடும். தமிழ்நாட்டு வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் ஒரே பக்குவம் சரிப்படாது. தஞ்சாவூர்க் கலைத்தட்டில் இருக்கும் தெய்வ உருவங்களுக்கும் இந்த அரக்குதான் முதுகு. அங்கே புடைத்த மெல்லிய வெள்ளித் தகட்டை அடித்தட்டில் பொருத்துகிறார்கள். வடக்கே பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் தட்டேராக்கள் என்னும் பாத்திரக் கைவினைஞர்கள் செம்பு, பித்தளை அடிக்கும் கலையை யுனெஸ்கோ 2014இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் கன்னார்களின், அதாவது தமிழ்ப் பாத்திரக் கைவினைஞர்களின் வேலைக்கு அப்படி ஒரு பட்டியல் இன்னும் வாய்க்கவில்லை.

வாங்கியபின் செய்யும் தவறுகள்தான் அதிகம். கடையில் மினுமினுக்கும் பாத்திரம் பலவற்றின் மேல் நிறம் மங்காமலிருக்கப் பூச்சு இருக்கும். புளி வைத்துத் தேய்த்தும் நிறம் துளியும் மாறவில்லையா? பூச்சுதான். அழகுக்கு வைப்பதென்றால் அப்படியே விடுங்கள். தண்ணீர் குடிக்க என்றால் வெளிப்புறம் மட்டும் பூசியிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

வெறும் செம்பில் தண்ணீர் வைக்கலாம். எலுமிச்சை, மோர், புளித் தண்ணீர் கூடாது; புளிப்பு செம்பைக் கரைத்துக் களிம்பாக்கும். குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சமைப்பதற்கு உள்ளே ஈயம் பூசியிருக்கவேண்டும். ஈயம் என்றால் வெள்ளீயம். காரீயம் விஷம், பூசுகிறவரிடம் இதைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் இழுப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கோ களிம்போ இருந்த இடத்தில் ஈயம் பிடிக்காது, கருப்புத் திட்டாக நிற்கும்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் ஏற்றினால் ஒழுகிப்போவது இதனால்தான். ஈயம் பூசிய செம்பும் அப்படியே: தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். காலிப் பாத்திரம் எரிவாயு அடுப்பில் மறந்துபோய்ச் சிவக்கக் காய்ந்தால் பூச்சும் போகும், அடித்து ஏற்றிய வலுவும் போகும்.

சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சன்னலோரம் வைத்த பூச்சில்லாத குடம் ஒரே வாரத்தில் பழுப்பேறும். இதை யாராலும் தடுக்க முடியாது. புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் பளிச்சென்றாகும். ஆனால் பலர் கழுவி அப்படியே கவிழ்த்துவிடுவதால் மறுநாள் காலை திட்டுத் திட்டாக நிற்கிறது. புளிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். கழுவியபின் விபூதியையோ சமையல் சோடாவையோ ஈரத்துணியில் தொட்டு ஒரு முறை துடைத்து, மறுபடி கழுவி, உடனே உலர்ந்த துணியால் ஈரம் ஒற்றவேண்டும். கம்பி நார் வேண்டவே வேண்டாம். நகாசுப் பாத்திரத்தில் பழைய பல்துலக்கியால் மேடுகளை மட்டும் தேய்த்து, செதுக்கிய கோட்டுக்குள் இருக்கும் கருமையை விட்டுவிடுங்கள். பூவும் கொடியும் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கருமையால்தான்.