ஒரு மக்கள் அடர்த்தி வரைபடம் போட்டு முடித்த அனுபவம்

முதுகலைப் புவியியல் செய்முறைத் தாளுக்காகத் தமிழ்நாட்டு மக்கள் அடர்த்தியை மாவட்ட வாரியாக வரைபடமாகப் போட வேண்டியிருந்தது. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். அடர்த்தி, பரவல், அளவை, பிரதேசம் என்று வரையறைகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறவர்கள் ஒரு வரைபடத்தையாவது முழுசாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எந்தக் கருத்து எதற்காக வந்தது என்பது அந்த வேலையில்தான் பிடிபடுகிறது.

தேவைப்பட்டவை இரண்டு: 2011 சென்சஸ் அட்டவணையும் மாவட்ட எல்லைக் கோப்பும். எல்லைக் கோப்பைத் தேடும்போது ஆண்டைப் பார்த்து எடுங்கள். இன்று 38 மாவட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் இருந்தவை 32. தென்காசியும் செங்கல்பட்டும் தனியாக இருக்கிற கோப்பை எடுத்தால் அவற்றுக்குப் போட அந்த அட்டவணையில் எண்ணே இருக்காது. அட்டவணையையும் எல்லையையும் இணைக்கும்போது ஊர்ப் பெயரை நம்ப முடியாது. தூத்துக்குடி, கன்னியாகுமரி, விழுப்புரம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த மாவட்டம் வெறுமையாக நிற்கும். சென்சஸ் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 602 திருவள்ளூரில் தொடங்கி 633 திருப்பூர் வரை. அதை வைத்து இணைத்தால் தொல்லை இல்லை.

நிறம் தீட்டுகிற வரைபடத்தில், அதாவது கோரோப்ளெத்தில், மொத்த மக்கள் தொகையைப் போடக்கூடாது என்று பாடத்தில் இருக்கும். ஏன் கூடாது என்பதற்கு இந்த அட்டவணையிலேயே அருமையான சான்று கிடைத்தது. விழுப்புரம் 34,58,873 பேர். கோயம்புத்தூர் 34,58,045 பேர். ஆயிரம் பேர்கூட வித்தியாசமில்லை. மொத்தத்தைத் தீட்டினால் இரண்டும் ஒரே நிறம். அடர்த்தியோ விழுப்புரத்தில் சதுர கிலோமீட்டருக்கு 481, கோவையில் 731. எண்ணிக்கையைக் காட்டத்தான் வேண்டுமென்றால் சிறிதும் பெரிதுமான வட்டங்கள் போடலாம். நிறம் விகிதத்துக்கு உரியது.

அப்புறம் வருவதுதான் உண்மையான வேலை: எத்தனை நிறம், எங்கே வெட்டுவது. சென்னை 26,553. அதற்கு அடுத்த கன்னியாகுமரி 1,111. நீலகிரி 300-க்கும் கீழே. இதை ஐந்து சம இடைவெளிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு வகுப்பும் ஐயாயிரத்துக்கு மேல் அகலம். சென்னை மட்டும் கடைசி வகுப்பில், மற்ற 31 மாவட்டமும் முதல் வகுப்பில், நடுவில் மூன்று வகுப்புகள் காலி. மாநிலம் முழுக்க வெளிறிக் கிடக்க, வடகிழக்கு மூலையில் கடுகு போல ஒரு கறுப்புப் புள்ளி. கணக்கில் பிழை எதுவும் இல்லை, ஆனால் அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை. வகுப்புக்கு ஆறு ஏழு மாவட்டம் என்று சம எண்ணிக்கையில் பிரித்தால் படம் அழகாக வருகிறது. கன்னியாகுமரியும் சென்னையும் ஒரே நிறத்தில் வந்துவிடுகின்றன. இருபது மடங்குக்கும் மேலான வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இரண்டையும் விட்டுவிட்டு எல்லைகளை நானே வைத்தேன். மாநிலச் சராசரி 555; அதை ஒரு வெட்டாகக் கொண்டேன். கீழே 400, மேலே 800, அதற்கு மேல் 1,200, சென்னைக்குத் தனி நிறம். சராசரிக்கு மேலா கீழா என்பது பார்த்தவுடன் தெரிந்தது. சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று வறண்ட தெற்கு ஒரு தொகுதியாக வெளிறி நின்றது. பிரதேசம் என்ற கருத்தை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

ஈரோடு மட்டும் உறுத்தியது. விசைத்தறியும் சந்தையுமாக நெருக்கியடிக்கும் ஊர். மாவட்டமோ 400-க்குக் கீழ். காரணம் வடக்கே இருக்கிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 1,408 சதுர கிலோமீட்டர், மாவட்டப் பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அந்தக் காட்டைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் அடர்த்தி 500-ஐத் தாண்டும். ஆட்கள் அதே ஆட்கள்தான், வகுக்கிற நிலம்தான் மாறியது. வட்ட (தாலுகா) அளவில் இன்னொரு வரைபடம் போட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையோரம் வெளிறிய பட்டை ஒன்று தனியே பிரிந்து வந்தது. கோவைக்குள்ளேயே வால்பாறை ஒரு நிறம், நகரம் ஒரு நிறம். மாவட்டப் படத்தை மட்டும் பார்த்து யாராவது முடிவெடுத்தால் எனக்கு இனி நம்பிக்கை வராது.

வீழல், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கிற முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யூடிஎம் என்ற வீழல் முறை உலகைத் தீர்க்கரேகை வாரியாக மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதன் 43, 44 மண்டலங்களின் எல்லையான 78 பாகைத் தீர்க்கரேகை நம் மாநிலத்தின் நடுவே போகிறது; திண்டுக்கல் அதற்கு மேற்கே, மதுரை கிழக்கே. முழு மாநிலத்துக்கு ஒரு மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, மாநிலத்தின் நடுவை மையமாகக் கொண்ட சமபரப்பு வீழல் நல்லது. அடர்த்தி என்றால் பரப்பு சரியாக இருப்பதுதானே முக்கியம்.

அச்சுக்கு அனுப்புமுன் அளவுகோல், வடக்குக் குறி, குறிவிளக்கம் எல்லாம் போட்டு, அடியில் '2011 எல்லைகள்' என்று பெரிதாகவே எழுதினேன். அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் இந்தப் படத்தோடு ஒப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த வரி தேவைப்படும். தென்காசியைத் திருநெல்வேலியோடும், ராணிப்பேட்டை, திருப்பத்தூரை வேலூரோடும் கூட்டிப் பழைய மாவட்டத்தை ஓரளவு மீட்டுவிடலாம். சென்னை அப்படி வராது. 2018-இல் திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகள் அதற்குள் வந்துவிட்டன. அதற்கு வட்டத்துக்கும் கீழே இறங்கித்தான் கூட்டிக் கழிக்க வேண்டும்.