பாகூர் ஏரிக்கரையில் பிள்ளைகளோடு ஒரு காலை நடை

ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு வரலாம் என்று கிளம்பும் குடும்பங்கள் பாதியிலேயே சேற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டுத் திரும்புகின்றன. காரணம் ரொம்ப எளிது. நம்ம கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஏரிகளுக்கு நாலு புறமும் கரை கிடையாது. நிலம் கடலைப் பார்த்துக் கிழக்கே சரிகிறது. அந்தச் சரிவில் வரும் தண்ணீரை வளைந்த ஒரு கரையால் மறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மேட்டுப்பக்கம் வெறும் திறந்தவெளி. மழையில் நீர் வயல்வரை ஏறும், வெயிலில் சேறாகிக் கிடக்கும். ஆகவே கரைமேல் ஒரு மணி நேரம் போய், வந்த வழியே திரும்புங்கள். அஞ்சாறு வயசுப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே பெரிது.

புதுச்சேரியில் ஊசுடுக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர். ஊசுடு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நகரத்துக்குப் பக்கம், கூட்டமும் அதிகம். கடலூர்க்காரர்களுக்குப் பாகூர்தான் கிட்ட. கடலூர்–புதுச்சேரி சாலையில் கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் வந்துவிடும். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. அதனால் ஆற்றில் வெள்ளம் வந்த வருஷமா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சரியான காலம். பொங்கல் சமயத்தில் போனால் பனங்கிழங்கும் கிடைக்கும்.

காலை ஆறரைக்குள் கரை ஏறிவிடுங்கள். கரை கிழக்கே இருப்பதால் அந்நேரத்தில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். தண்ணீரில் கண் கூசாது, பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் எல்லாம் நிழலுருவம்தான். பைனாகுலர் எட்டு மடங்கு போதும்; பத்து மடங்கில் சின்னக் கை நடுங்கி ஒன்றும் தெரியாது.

பிள்ளைகளுக்குக் காட்ட நத்தைகுத்தி நாரையைவிடத் தோதான பறவை இல்லை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். கரையோரம் வெறும் நத்தை ஓடுகள் கிடந்தால் ஒன்றை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓடு உடைந்திருக்காது. நத்தையின் வாயை அடைக்கும் மூடியோடு ஒட்டிய தசையை நாரை அறுத்துச் சதையை மட்டும் இழுத்துவிடுகிறது. நீரில் கழுத்து மட்டும் பாம்புபோல் நீட்டிக்கொண்டு போவது பாம்புத்தாரா. முதுகும் தெரிந்தால் நீர்க்காகம். கறுப்பு உடம்பு, வெள்ளை நெற்றியோடு, பறக்குமுன் தண்ணீர்மேல் தபதபவென்று ஓடுவது நாமக்கோழி.

ரப்பர் செருப்பு வேண்டாம். வேலிக்காத்தான் முள் அதைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் இறங்கும். கெட்டியான அடியுள்ள ஷூ போடுங்கள். தள்ளுவண்டியும் சரிப்படாது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ளத்தான் வேண்டும். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர், பிள்ளைகளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். தேங்காய்ச் சட்னி வெயிலில் நுரைத்துவிடும், புளிசாதம் கட்டுங்கள். பெரியவர் ஒருவர் கையில் கம்போடு முன்னால் நடக்கட்டும். காலையில் பாம்புகள் கரையில் வெயில் காயும். நீர்க்கோலிக்கு விஷமில்லை, ஆனால் அடர்ந்த புல்லில் கண்ணாடி விரியனும் இருக்கலாம். கடித்தால் கீறுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு.

இனி எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி: குளிக்கலாமா? ஏரியில் கூடாது. மண் அள்ளிய இடங்களில் முழங்கால் ஆழம் ஒரே அடியில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளமாகிவிடும். கலங்கிய நீரில் அது தெரியவே தெரியாது. பாசிக்கொடி காலைச் சுற்றும். மதகு திறந்திருந்தால் மேலே ஒரு சின்னச் சுழிப்பு மட்டும்தான் தெரியும், இழுப்பெல்லாம் அடியில். நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் இதே பேச்சுதான். கரையின் உட்சரிவில் பாவிய கற்கள் நனைந்தால் பாசி வழுக்கும், அதில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். மேட்டுப்பக்கச் சேறு இன்னொரு ஏமாற்று: மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே கூழ். கம்பைக் குத்தினால் ஒரு சாண் இறங்குகிறதா, திரும்பிவிடுங்கள். கால் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி, காற்றுப் புக வழிவிட்டு எடுக்க வேண்டும்.

குளியலுக்குக் கரைக்குக் கீழே வயல்களில் பம்புசெட் இருக்கிறது. வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கரண்டு இருந்தால்தான் மோட்டார் ஓடும் என்பதால் நேரத்தையும் கேட்டுவிடுங்கள். தொட்டி ஆழத்தைப் பெரியவர் முதலில் இறங்கிப் பார்க்கட்டும். சோப்பு, ஷாம்பு வேண்டாம், அந்தத் தண்ணீர் நேரே பயிருக்குப் போகிறது. ஈரக்கையோடு மோட்டார் கொட்டகைப் பக்கம் பிள்ளைகள் போகாமல் ஒருவர் காவல் நிற்க வேண்டும். ஊருக்குள் சோழர் காலத்து மூலநாதர் கோயிலையும் பார்ப்பதாக இருந்தால் குளியலைச் சுருக்கிக்கொள்ளுங்கள். நடை சாத்திவிட்டால் மறுபடி மாலைதான்.